நீளமும் கோணமும் மாற்றத்தக்க கண்மைக்கோலை வடிவமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் விசேஷ நாளின் காலை நேரத்தில், வளவு என்னும் நடுமுற்றத்தின் தாழ்வாரத்துக் கண்ணாடியின் முன்னால் நின்று கண்ணுக்கு மை எழுதும் பெண்களைச் சற்றுப் பொறுமையாகக் கவனித்தால், ஒரே கோல் மூன்று தலைமுறைக் கைகளில் மூன்று விதமாகப் பிடிக்கப்படுவது தெரியும். கல்லூரிக்குப் போகும் பெண் கோலின் நடுப்பகுதியைப் பிடித்து, முழங்கையை எங்கும் ஊன்றாமல் ஒரே இழுப்பில் எழுதிவிடுகிறாள். அவளுடைய தாயார் மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் நெற்றிப் பக்கம் சற்றே தூக்கிக்கொண்டு, அதன் கீழ்விளிம்புக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி வழியாகக் கோலை நுழைக்கிறார். ஆயாவோ முனைக்கு மிக அருகில் பிடித்து, சுண்டுவிரலைக் கன்னத்தில் ஊன்றி, கை நடுங்காத அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து எழுதுகிறார். கடையில் விற்கும் கோல் இந்த மூவரில் முதலாமவரை மட்டுமே மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது.

இந்த வழிகாட்டி மூவருக்கும் பொருந்தக்கூடிய ஒரு கோலை, எண்ணத்திலிருந்து அச்சு வெட்டும் நிலை வரை கொண்டுசெல்வதைப் பற்றியது. இங்கே சொல்லும் முறையை உதட்டுப் பிரஷ், மஸ்காரா பிரஷ், பவுடர் பிரஷ் ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் அப்படியே கையாளலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நான் கொண்டிருக்கும் விதி ஒன்றுதான்: மாற்றத்தக்க கருவி என்றால், மாற்றிவைத்த இடத்திலேயே நிற்கும் கருவி என்று பொருள். எத்தனை நிலைகளுக்கு மாற்றலாம் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

முதற் படி: எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று தீர்மானித்தல்

அழகுசாதனம் பூசும் கருவிகளில் பொதுவாக நான்கு கூறுகளை மாற்றும்படி அமைக்கிறார்கள். வெளியே நீளும் அளவு ஒன்று. 1923-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் புரூஸ் மேசன் காப்புரிமை பெற்ற திருகு லிப்ஸ்டிக் முதல் இது நமக்குப் பழக்கமானது. முனையின் கோணம் மற்றொன்று. முனையின் விரிவு மூன்றாவது. பவுடர் பிரஷ்ஷின் மேல் ஓர் உறையை முன்னால் தள்ளினால் முடிகள் நெருங்கி இறுகுவதும், பின்னால் இழுத்தால் அவை விரிந்து மென்மையாவதும் இந்த வகை. நான்காவது, ஒரு முறைக்கு எடுக்கும் பொருளின் அளவு. மஸ்காராக் குழாயின் கழுத்தில் பிரஷ்ஷை வழித்துவிடும் ரப்பர் வளையத்தின் துளையைச் சுருக்கியும் விரித்தும் இதைச் செய்கிறார்கள்.

இந்த நான்கில் இரண்டுக்கு மேல் ஒரே கருவியில் சேர்ப்பதை நான் ஏற்பதில்லை. ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானாக மாறிவிடும் என்பதே காரணம். மையில் முங்கி எடுக்கும் கோலின் நீளத்தை மாற்றினால், அது குழாய்க்குள் இறங்கும் ஆழமும் மாறி, எடுக்கும் மையின் அளவும் மாறிவிடும். பயன்படுத்துபவர் நீளத்தைத்தான் மாற்றினார். ஆனால் கோடு தடித்துப்போனதற்குக் காரணம் என்னவென்று அவருக்கு விளங்காது. ஆகவே இந்தக் கோலில் நீளமும் கோணமும் மட்டுமே மாறும். மை தனியே ஒரு சிமிழில் இருக்கும். முனையின் வடிவம் மாறாது.

இந்த இரண்டுக்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. நீளம் என்பது ஒருவர் தம் கைக்கு ஏற்ப ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடக்கூடியது. கோணம் ஒவ்வொரு முறை எழுதும்போதும், சில வேளை வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்கும் இடையிலேயே, மாறுவது. எனவே நீளத்தின் பூட்டு உறுதியாகவும், கோணத்தின் பூட்டு ஒரே விரலால் நகர்த்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இதை முதலிலேயே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல தீர்மானங்கள் இதிலிருந்தே பிறக்கின்றன.

இரண்டாம் படி: கையையும் வெளிச்சத்தையும் அளத்தல்

குறைந்தது பத்துப் பேருடைய கைகளை அளக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அறுபது வயதைக் கடந்தவர்களாக இருக்கட்டும். விரல் நீளத்தை அளப்பதைவிட, அவர்கள் உண்மையில் மை எழுதும்போது பிடிக்கும் இடத்துக்கும் முனைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே பயன் தரும். ஒரு சாதாரணப் பென்சிலில் ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வரைந்து கொடுத்து, பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தால் போதும்.

இந்தத் தூரம் ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு எளியது. கை 2 டிகிரி அளவுக்கு நடுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், பிடியிலிருந்து 54 மி.மீ. தள்ளியிருக்கும் முனை ஏறத்தாழ 1.9 மி.மீ. அலையும்; அதே கை 30 மி.மீ. தூரத்தில் பிடித்தால் முனை 1 மி.மீ. அளவுக்கே அலையும். இமை விளிம்பின் அகலமே சுமார் 2 மி.மீ. தான். ஆகவே ஆயா முனைக்கு அருகில் பிடிப்பது பழக்கத்தினால் அல்ல. நடுக்கத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் தேர்ந்த முறை அது. கருவி அந்த அறிவுக்கு இடம் கொடுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு எழுதுபவருக்கோ நேர் எதிரான தேவை: விரல்கள் கண்ணாடிச் சட்டத்துக்கு வெளியே நிற்க, முனை மட்டும் வளைந்து உள்ளே போக வேண்டும். ஆகவே அவருக்கு நீண்ட கோலும், வளைந்த முனையும் வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒரே நிலையான வடிவத்தில் அடக்க முடியாது என்பதால்தான் மாற்றும் வசதி தேவைப்படுகிறது.

பிடியின் தடிமனையும் இப்போதே முடிவு செய்யலாம். பென்சில் ஏறத்தாழ 7 மி.மீ. தடிமன் உடையது, மூட்டுவலி உள்ள விரல்களுக்கு அது மெல்லியது, இறுக்கிப் பிடிக்க நேரும். 12 முதல் 14 மி.மீ. வரை தடித்த பிடி அந்த இறுக்கத்தைக் குறைக்கும். தரையில் உருண்டோடாமல் இருக்க, பிடியின் ஒரு பக்கத்தைச் சற்றுத் தட்டையாக்கிவிடுங்கள். அந்தத் தட்டை முகம் கோணம் எந்தத் திசையில் வளையும் என்பதை விரலுக்கும் உணர்த்தும். இது சிறு விஷயமல்ல. முனை கண்ணுக்கு மிக அருகில் வந்துவிட்ட பிறகு கண்ணால் அதைத் தெளிவாகக் காண முடியாது. அந்த நிலையில் விரலின் உணர்வே வழிகாட்டி.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய செட்டிநாட்டு வீடுகளில் வெளிச்சம் வளவின் வானவெளி வழியாக வருகிறது. உள்ளறைகளில் பகலிலும் மங்கல்தான். நிலைகளைக் காட்டும் குறிகளை வெறும் நிறத்தால் மட்டும் காட்டினால் அங்கே பயன்படாது. தொட்டு உணரும் மேடுகளாக அவை இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: மையை அறிந்துகொள்ளுதல்

கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, புகைக்கரியை வழித்து எடுத்து, மீண்டும் விளக்கெண்ணெயிலோ நெய்யிலோ குழைப்பது வீட்டு மை. தொழிற்சாலையில் செய்யும் மையில் எண்ணெயோடு மெழுகுகளும் சேர்கின்றன. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேலேதான் உருகும். ஆனால் எண்ணெயோடு கலந்த மெழுகு தன் உருகுநிலைக்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும் என்பதை மறக்கக்கூடாது. சித்திரை வைகாசியில் நம் பக்கத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, பூட்டிய காரில் கிடக்கும் கைப்பைக்குள் அதற்கும் வெகுவாக மேலே போகும்.

இது கருவியின் வடிவமைப்புக்கு எப்படித் தொடர்புடையது என்றால், இளகிய எண்ணெய் மெல்லிய இடைவெளிகளைத் தேடி ஊர்ந்து செல்லும். திருகு, கீல், பூட்டு ஆகிய எல்லாமே மெல்லிய இடைவெளிகளால் ஆனவை. எனவே இயங்கும் உறுப்புகள் எண்ணெய் படாமல் இருக்கும் என்று எண்ணி வடிவமைக்கக்கூடாது. எண்ணெய் பட்ட பிறகும் அவை வேலை செய்யுமா என்றே கேட்க வேண்டும்.

நான்காம் படி: நீளத்தை மாற்றும் இயக்கம்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. முதல் மாதிரியில் நான் செய்த பிழையும் இங்கேதான் நிகழ்ந்தது.

அமைப்பு லிப்ஸ்டிக் குழாயை ஒத்தது. உள்குழாயின் சுவரில் நேரான ஒரு பிளவு. வெளிக்குழாயின் உட்சுவரில் சுருளாக ஏறும் ஒரு பள்ளம். முனைக்கம்பியைத் தாங்கும் தாங்கியிலிருந்து ஒரு சிறு காது இரண்டின் வழியாகவும் நீட்டி நிற்கும். வெளிக்குழாயைத் திருப்பினால், காது சுருளில் ஏற முயலும். நேரான பிளவு அதைச் சுழலவிடாது. ஆகவே கம்பி நேராக முன்னேறும். கத்தியின் அலகைத் தள்ளுவது போன்ற பக்கவாட்டுப் பொத்தானையும் வைக்கலாம், உறுப்புகள் குறையும். ஆனால் அதற்கு வெளிப்புறத்திலேயே ஒரு நீண்ட திறப்பு வேண்டும், அதில் மையும் தூசியும் சேர்ந்து சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை நான் விலக்கிவிட்டேன்.

சுருளின் சரிவை எவ்வளவு வைப்பது என்பதே கேள்வி. பள்ளத்தின் சராசரி விட்டம் 8 மி.மீ. என்க. ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. முன்னேறும்படி வைத்தால், சுற்றளவு ஏறத்தாழ 25.1 மி.மீ. ஆகையால், சரிவுக்கோணம் 6.8 டிகிரி வரும். உலர்ந்த நிலையில் அசிட்டால் என்னும் வழவழப்பான நெகிழிக்கு உராய்வுக் குணகம் 0.2 என்று கொண்டால், அதற்குரிய உராய்வுக் கோணம், அதாவது பொருள் தானாக வழுக்கத் தொடங்கும் சரிவு, 11.3 டிகிரி. சரிவுக்கோணம் உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருக்கும் வரை, முனையை அழுத்தினாலும் திருகு பின்னோக்கிச் சுழலாது. காகிதத்தில் இது நிறைவாக இருந்தது, நானும் அப்படியே செய்தேன். ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரம் நன்றாக இருந்தது. மே மாதத்தில் என் ஆயா அதை எடுத்து எழுதிவிட்டு, “ஆத்தா, நான் வச்ச எடத்துல அது நிக்கலையே” என்றார். பிரித்துப் பார்த்தபோது சுருள் முழுவதும் எண்ணெய் மினுமினுத்தது. எண்ணெய் பட்டதும் உராய்வுக் குணகம் 0.1 அளவுக்கு இறங்கினால், உராய்வுக் கோணம் 5.7 டிகிரிக்கு வந்துவிடுகிறது, 6.8 டிகிரிச் சரிவு அதற்குமேல் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கம்பி சிறிது சிறிதாக உள்ளே போயிருக்கிறது. அது போதாதென்று, 30 மி.மீ.யிலிருந்து 54 மி.மீ. வரை போக எட்டுச் சுற்றுகள் திருப்ப வேண்டியிருந்தது. மூட்டுவலி உள்ளவரிடம் அதைக் கொடுத்தது சரியல்ல.

ஆகவே உராய்வை நம்பி நிறுத்துவதை விட்டுவிடுங்கள். சரிவைத் துணிந்து கூட்டி, ஒரு சுற்றுக்கு 24 மி.மீ. முன்னேறும்படி வையுங்கள், சரிவுக்கோணம் 44 டிகிரிக்கு அருகில் வரும், உராய்வால் அது நிற்கவே நிற்காது. நிறுத்தும் வேலையைத் தனியே ஒரு பூட்டுக்குக் கொடுங்கள். பிடியின் உட்புறத்தில் சுற்றிலும் பள்ளங்கள். அவற்றில் விழுந்து எழும் வளையும் நாக்கு ஒன்று. மூன்றில் ஒரு சுற்றுக்கு ஒரு பள்ளம் என்றால், 30, 38, 46, 54 மி.மீ. என்று நான்கு நிலைகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ‘டிக்’ என்ற ஒலியும் விரலில் ஓர் அதிர்வும் உண்டாகும். ஒரே சுற்றில் முழு நீளமும் முடிந்துவிடும்.

பூட்டின் வலுவைக் கணக்கிடுவதும் கடினமல்ல. மை எழுதும்போது முனையில் விழும் அழுத்தம் 1 நியூட்டனுக்குள், அதாவது சுமார் 100 கிராம் எடைக்குள்தான் இருக்கும். பாதுகாப்புக்காக 5 நியூட்டன் வரை தாங்க வேண்டும் என்று வைப்போம். உராய்வை முற்றிலும் ஒதுக்கிவிட்டால், அந்த அழுத்தம் உண்டாக்கும் திருப்புவிசை 5-ஐ 24-ஆல் பெருக்கி 6.28-ஆல் வகுத்தால் கிடைக்கும் 19 நியூட்டன்-மில்லிமீட்டர். பூட்டு விடுபடத் தேவையான திருப்புவிசையை 30 நியூட்டன்-மில்லிமீட்டர் அளவில் வைத்தால், அழுத்தத்தைத் தாங்கும், 14 மி.மீ. பிடியை வலியுள்ள விரல்களாலும் திருப்ப முடியும். எண்ணெய் முழுவதும் நனைந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனெனில் உராய்வை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

நாக்கு பல்லாயிரம் முறை வளைய வேண்டியது. அதன் நீளம் 8 மி.மீ., தடிமன் 1 மி.மீ., வளையும் தூரம் 0.4 மி.மீ. என்றால், அடிப்பகுதியில் உண்டாகும் திரிபு (பொருள் இழுபட்டு நீளும் விகிதம்), தடிமனையும் தூரத்தையும் 1.5-ஆல் பெருக்கி நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க, 0.94 சதவீதம் வருகிறது. அசிட்டால் நெகிழிக்கு இது சுமையே அல்ல. இடம் போதவில்லை என்று நாக்கின் நீளத்தை 5 மி.மீ. ஆகக் குறைத்தால் திரிபு 2.4 சதவீதமாக ஏறிவிடும். நீளத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம் என்பதால், நாக்கில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விலை அதிகம்.

திருப்பும் திசையையும் யோசித்து வையுங்கள். நம் வீடுகளில் திருகுசெம்பின் மூடியைத் திறந்து மூடிப் பழகிய கைக்கு, வலப்பக்கம் திருப்புவது என்றால் உள்ளே இறுகுவது. கோலும் வலப்பக்கம் திருப்பினால் குட்டையாக வேண்டும்.

ஐந்தாம் படி: கோணத்தை மாற்றும் மூட்டு

இந்த மூட்டினை நீள இயக்கத்துக்கு முன்புறமாக, முனையிலிருந்து 25 மி.மீ. தூரத்தில், கம்பியோடு சேர்ந்து நகரும்படி வைக்க வேண்டும். அப்போது நீளம் எதுவாக இருந்தாலும் மூட்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள தூரம் மாறாது. மூட்டின் மீது விழும் சுமையும் மாறாது. நேர், 20 டிகிரி, 40 டிகிரி என்று மூன்று நிலைகள் போதும்.

இந்தப் பூட்டுக்கு இரு எல்லைகள் உண்டு என்பதே இதன் சிறப்பு. முனையில் பக்கவாட்டாக 1 நியூட்டன் விழுந்தால் மூட்டில் 25 நியூட்டன்-மில்லிமீட்டர் உண்டாகும். இரு மடங்கு, அதாவது 50 வரை அது அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் யாராவது தோளில் இடித்து, கை சறுக்கி, முனை கண்ணை நோக்கித் தள்ளப்பட்டால், 75 நியூட்டன்-மில்லிமீட்டர் அளவிலேயே மூட்டு மடங்கிக் கொடுத்துவிட வேண்டும். கல்யாண வீட்டில், ஒரே அறையில் பத்துப் பேர் தயாராகும்போது இப்படி இடிபடுவது அரிதல்ல. கண்ணுக்கு அருகில் போகும் கருவியில் இளகாத உறுதி ஒரு குறையாகவே கருதப்பட வேண்டும்.

மூடி நீண்டதாகவும், அதன் வாய் குறுகியதாகவும் இருக்கட்டும். முனையை நேராக்கினால்தான் மூடி ஏறும். கோணம் ஒவ்வொரு முறையும் வைக்கப்படுவது என்று முன்பே தீர்மானித்துவிட்டோம் ஆகையால் இதில் இழப்பில்லை. நீளமோ மூடிக்குள்ளும் வைத்த இடத்திலேயே இருக்கும். மூடியின் ஆழத்தை 54 மி.மீ. நிலைக்கு ஏற்ப வைத்தால் போதும்.

ஆறாம் படி: முனை

முனை முழுவதும் உருண்டையாக, குறைந்தது 0.75 மி.மீ. ஆரத்துடன், இணைப்புக் கோடு எதுவும் தொடும் பகுதியில் வராதபடி இருக்க வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு முனையின் நுனியில் வந்தால், நகத்துக்குத் தெரியாத அந்த விளிம்பு இமைக்குத் தெரியும். இமையின் உள்விளிம்பில் கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தைச் சுரக்கும் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. மை அவற்றை அடைக்கக்கூடும் என்பதால், இமைமுடிக்கு வெளிப்புறத்தில் இயல்பாகப் படியும் வகையில் முனையைச் சற்றுத் தட்டையாக்குவது நல்லது.

முனை கழற்றி மாற்றத்தக்கதாக இருக்கட்டும். விசேஷத்துக்குக் கூடிய பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மைச்சிமிழைக் கைமாற்றிக்கொள்வது நம் ஊரில் வழக்கம். ஒருவருக்குக் கண்வலி இருந்தால் அது எல்லோருக்கும் போகும் வழி அதுதான். ஆளுக்கொரு முனையும், சிமிழிலிருந்து மையை எடுத்துத் தர ஒரு தனிக்கரண்டியும் இருந்தால் அந்த வழி அடைபடும்.

ஏழாம் படி: பொருட்கள்

இயங்கும் உறுப்புகளுக்கு அசிட்டால், மூடிக்கும் முனைக்கும் பாலிபுரொப்பிலீன் என்பதே என் தேர்வு. பளபளப்புக்காக ஏபிஎஸ் நெகிழியையோ பாலிகார்பனேட்டையோ வெளிக்கூட்டுக்குக் கொள்பவர்கள், அழகுசாதனங்களில் உள்ள சில எண்ணெய்களும் எஸ்டர்களும் இழுவிசையில் நிற்கும் அந்த நெகிழிகளை மெல்ல விரிசலிடச் செய்யும் என்பதை அறிந்திருக்க வேண்டும். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊதும். மூடியின் அடைப்பு வளையத்துக்கு நைட்ரைல் ரப்பர் பொருத்தம்.

பித்தளை நம் ஊரின் உலோகம், அதன் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் வியர்வையில் அது பச்சை பூக்கும். அதை மறைக்க நிக்கல் முலாம் பூசினால், நிக்கல் ஒவ்வாமை உள்ள தோலில் அரிப்பு வரும். தோலோடு நெடுநேரம் தொடும் பொருட்களில் வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது; நாமும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்க, அரிப்பையும் முலாமையும் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் குறைவில்லை. முலாம் பற்றிய ஐயங்களை வடிவம் முடிவாகும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எட்டாம் படி: மாதிரி செய்தல்

முதலில் இரு மடங்கு அளவில் முப்பரிமாண அச்சில் எடுத்து, இயக்கத்தை மட்டும் சரிபாருங்கள். பிறகு உண்மை அளவில் அசிட்டால் கம்பியை லேத்தில் கடைந்து செய்யுங்கள். அச்சிட்ட ரெசினின் உராய்வும் வளைவும் வேறு என்பதால், பூட்டின் உணர்வை அதில் மதிப்பிட முடியாது. முழுவதும் இறுகாத ரெசின் தோலை எரிச்சலூட்டும். அந்த மாதிரியை ஒருபோதும் யாருடைய கண்ணருகிலும் கொண்டுபோக வேண்டாம். பிடியின் வடிவத்தை மட்டும் பார்க்கத் தேக்குக் கட்டையில் தச்சரிடம் நான்கைந்து கடைந்து வாங்குவது விரைவானது, மலிவானது.

ஒன்பதாம் படி: சோதனைகள்

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆறு பக்கமாகவும் போட்டுப் பாருங்கள். அந்த வழவழப்பான கடினத் தரை எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் குறைந்ததல்ல. நீளப் பூட்டை ஐயாயிரம் முறையும், கோணப் பூட்டை அதைவிட இரு மடங்கும் இயக்கி, முன்னும் பின்னும் திருப்புவிசையை அளந்து எழுதுங்கள். ஒரு மெல்லிய கம்பியை 30 மி.மீ. நீளக் கையாகக் கட்டி, அதன் நுனியில் சமையலறைத் தராசால் எடைபோட்ட மணல் பையைத் தொங்கவிட்டே இதை அளக்கலாம். 100 கிராமுக்குப் பூட்டு விடுபட்டால் 30 நியூட்டன்-மில்லிமீட்டர் என்று பொருள்.

வெப்பச் சோதனையை விட்டுவிடாதீர்கள். மை பூசிய கோலை 45 டிகிரியில் நான்கு வாரம், முனை கீழ்நோக்கியபடி ஒன்றும் மேல்நோக்கியபடி ஒன்றுமாக வைத்து, பிறகு பிரித்து எண்ணெய் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். அதன் பின் பூட்டு முதல் நாளைப் போலவே நிற்கிறதா என்பதே நான் கேட்கும் கேள்வி. அதே நான்கு வாரத்தில், வளைத்துக் கட்டிய நெகிழிப் பட்டைகளில் மை தடவி வைத்தால் விரிசலும் தெரிந்துவிடும்.

பத்தாம் படி: காப்புரிமையும் விதிகளும்

இதைப் பிறர் கையில் கொடுக்கும் முன் காப்புரிமை விண்ணப்பத்தைத் தாக்கல் செய்துவிடுங்கள். வெளியே தெரிந்துவிட்ட பிறகு புதுமை என்று கோருவது கடினம். 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்புரிமை 20 ஆண்டுகள். தோற்றத்தை மட்டும் காக்க 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் உண்டு. அது 10 ஆண்டுகள், மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம், ஆனால் இயக்கத்தைக் காக்காது. சென்னையில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. கோலோடு மையையும் தயாரித்து விற்பதானால், 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின் கீழ் தயாரிப்பு உரிமம் வேண்டும். நிறத்துக்காக ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பது தடை செய்யப்பட்டது. கல் சுர்மா என்று விற்கப்படுவது பல வேளைகளில் ஈய சல்பைடு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பதினோராம் படி: முப்பது நாள் பயன்பாடும் அச்சும்

முன்பு கை அளந்தவர்களிடமே மாதிரிகளை ஒரு மாதம் கொடுத்து, இரகசியம் காக்கும் ஒப்புதலையும் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படி இருந்தது என்று கேட்டால், “நல்லாத்தான் இருக்கு” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர்களுக்கு உங்கள் மனம் நோகக்கூடாது. ஆகவே கோலைத் திரும்ப வாங்கிப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பள்ளத்தின் விளிம்பு தேய்ந்து மினுங்குகிறதோ அந்த நிலையில்தான் அது பயன்பட்டிருக்கிறது. என் மாதிரிகளில் 30, 54 ஆகிய இரண்டும் நன்கு தேய்ந்திருந்தன, 38 சற்றே. 46-இல் கருவியின் முதல் வெட்டுக்கோடுகள்கூட அழியவில்லை. அந்த நிலையை எடுத்துவிட்டு, மற்ற மூன்றுக்கும் பள்ளத்தை அகலமாக்கினேன்; டிக் ஒலி தெளிவடைந்தது.

இதன் பிறகே எஃகு அச்சுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அசிட்டால் குளிரும்போது ஏறத்தாழ 2 சதவீதம் சுருங்கும், 8 மி.மீ.யில் அது 0.16 மி.மீ., இரு குழாய்களுக்கும் இடையில் விடும் இடைவெளிக்கு ஏறத்தாழச் சமம். ஆகவே கோயம்புத்தூரிலோ வேறெங்கோ அச்சு செய்பவரிடம் வரைபடத்தைக் கொடுக்கும்போது, நெகிழியின் சரியான ரகத்தையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். நாக்கின் நுனியிலுள்ள குமிழை முதலில் தேவையைவிட 0.1 மி.மீ. குட்டையாக வையுங்கள். அச்சிலிருந்து எஃகை வெட்டி எடுப்பது ஒரு நாள் வேலை, வெட்டிய இடத்தில் எஃகைச் சேர்ப்பது பெரும்பாடு. அச்சின் குழியை ஆழமாக்கினால் குமிழ் உயரும். முதல் வார்ப்பில் பூட்டு இளக்கமாகத்தான் இருக்கும். மணல் பையைத் தொங்கவிட்டு அளந்து, நூறு கிராமை எட்டும் வரை குழியை 0.03 மி.மீ. வீதம் ஆழப்படுத்தச் சொல்லுங்கள்.